பள்ளியிலிருந்து கிராம சபைவரை: உள்ளூர்க் காலநிலைப் பணிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2023-ல் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. வெயில் தணியவில்லை என்பதால் பெரிய வகுப்புகள் ஜூன் 12-லும் சின்ன வகுப்புகள் ஜூன் 14-லும்தான் தொடங்கின. அடுத்த ஆண்டும் ஜூன் 6 என்று சொல்லி, கடைசியில் ஜூன் 10 ஆனது. வெயில் முடிந்தால் மழை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை ‘நாளைக்கு லீவா?’ என்று பிள்ளைகள் டிவி முன்னால் உட்காருகிறார்கள். 2024-ல் வெப்ப அலையையும் மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்துவிட்டது. பாடப்புத்தகத்தில் மட்டும் இருந்த காலநிலை மாற்றம் இப்போது பள்ளி நாட்காட்டியிலேயே கைவைக்கிறது.

இதற்குப் பள்ளிகள் வழக்கமாகச் செய்வது என்ன? உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று ஒரு பேனர், ஒரு மரக்கன்று, அதைச் சுற்றிப் பத்துப் பேர், ஒரு போட்டோ. அந்தக் கன்று ஜூலையில் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. இந்த வழிகாட்டி வேறு வரிசையில் போகிறது: முதலில் அளப்பது, அப்புறம் வளாகத்துக்குள் ஒன்றிரண்டைச் சரிசெய்வது, கடைசியில் கையில் இருக்கும் கணக்கோடு ஊராட்சியிடம் போவது. ஒரு பள்ளியால் உலக வெப்பநிலையைக் குறைக்க முடியாது. ஆனால் ஊரில் வேறு யாரும் எழுதிவைக்காத கணக்கை நாள் தவறாமல் எழுதிவைக்க ஒரு பள்ளியால் முடியும். அந்த நோட்டுதான் உங்கள் பலம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். தனியார் பள்ளிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

குழு: சின்னதாக இருந்தால் போதும்

பெரும்பாலான பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை அல்லது சுற்றுச்சூழல் மன்றம் ஏற்கெனவே பெயரளவிலாவது இருக்கும். புதிதாக ஒன்றைத் தொடங்காமல் அதையே எழுப்புங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் போதும். அவர்களில் பாதிப் பேராவது 7, 8-ம் வகுப்பாக இருக்கட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆர்வமாக வருவார்கள், ஆனால் டிசம்பர் வந்துவிட்டால் திருப்புதல் தேர்வு அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் இரண்டு மூன்று பேர் கட்டாயம் வேண்டும். விடுமுறை நாட்களில் வேலை நிற்காமல் போவது அவர்களால்தான்.

பெரியவர்களில் மூன்று பேரைப் பிடியுங்கள்: பொறுப்பாசிரியர், சத்துணவு அமைப்பாளர், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு பெற்றோர். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சி உறுப்பினர்களும் இருக்கிறார்கள். பள்ளியின் கோரிக்கை ஊராட்சிக்குப் போகும் பாதை அது. தலைமை ஆசிரியரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மாறுதலில் போனாலும் அந்தத் தாள் இருக்கும்.

முதல் இரண்டு மாதம்: அளப்பது மட்டும்

ஜூன், ஜூலையில் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கி ஐந்து பகுதியாகப் பிரியுங்கள்: மின்சாரம், தண்ணீர், மழை, வெப்பம், குப்பை.

மின்சாரத்தில் தொடங்குவது எளிது. மீட்டர் எண்ணைக் காலை 9 மணிக்கும் மாலை 4.30-க்கும் எழுதுங்கள். மறுநாள் காலை 9 மணிக்குத் திரும்ப எழுதும்போதுதான் சுவாரசியம். பூட்டிய பள்ளிக்கூடத்தில் இரவில் எத்தனை யூனிட் ஓடியது? வராந்தா விளக்கா, கணினி அறையில் அணைக்காமல் விட்ட யு.பி.எஸ்.ஸா, தண்ணீர் மோட்டாரா என்று பிள்ளைகள் துப்பறிய ஆரம்பித்துவிடுவார்கள். வார இறுதியில் இன்னும் தெளிவாகத் தெரியும், வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் யாருமே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணக் கணக்கையும், பழைய ஓராண்டுக் கணக்கையும் அதே பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

ஒழுகும் குழாய்க்குக் கீழே ஒரு டம்ளரைப் பத்து நிமிடம் வைத்து, சேர்ந்ததை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். அதை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. பத்து நிமிடத்தில் 100 மி.லி. என்றால் நாளைக்கு 14 லிட்டருக்கு மேல். ‘தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம்’ என்று சுவரில் எழுதுவதைவிட, ‘இந்தக் குழாய் நேற்று 14 லிட்டர் வீணாக்கியது’ என்று ஓர் அட்டையில் எழுதி அந்தக் குழாயிலேயே தொங்கவிடுங்கள். பிளம்பர் சீக்கிரம் வருவார்.

மழைமானிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பக்கவாட்டில் நெளிவில்லாத, நேரான பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, மேல் கூம்பை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனல்போல வாயில் செருகுங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் அங்கிருந்து அளந்தால் கணக்குத் தப்பும். அடியில் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். அதற்கு மேல் மில்லிமீட்டர் ஸ்கேலை ஒட்டிவிடுங்கள். வெயில் நாட்களில் அந்தத் தண்ணீர் ஆவியாகிக் கோட்டுக்குக் கீழே இறங்கும். காலையில் பார்த்து நிரப்ப வேண்டும். மரத்தடியிலோ சுவரோரத்திலோ வைக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பது எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். அளக்கும் நேரம் காலை 8.30. இந்திய வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது. உங்கள் எண்ணை அவர்கள் வெளியிடும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தாலுகா தலைநகரில் 60 மி.மீ. பெய்த நாளில் உங்கள் ஊரில் 20 மட்டுமே பெய்திருக்கும். அந்த வித்தியாசத்தை எழுதிவைக்கும் ஆள் ஊரில் நீங்கள் மட்டும்தான்.

இது விளையாட்டு வேலை இல்லை. கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சிலாற்றங்கரை மக்களும் பள்ளி மாணவர்களும் மழைமானி வைத்து, கிழக்குப் பகுதி மலையோர ஊர்களில் பெய்யும் மழையைக் கீழே இருப்பவர்களுக்கு உடனுக்குடன் தெரிவிக்கிறார்கள். வெள்ளம் வரும் முன்பே செய்தி போய்விடுகிறது.

வெப்பத்துக்கு இரண்டு சாதாரண அறை வெப்பமானி போதும். ஒன்றை மேல்மாடி வகுப்பறையிலும் மற்றதை வளாகத்து வேப்பமரத்து நிழலிலும் மாட்டி, காலை 11 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் எழுதுங்கள். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ உள்ள அறை இருந்தால் அங்கே மூன்றாவது ஒன்று. எந்த வகுப்புப் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் பாடம் கேட்கும் நிலையிலேயே இல்லை என்பது எண்ணாகத் தெரிந்துவிடும்.

குப்பையை ஒரு வாரம் மட்டும் எடை போட்டால் போதும். மக்குவது, மக்காதது, சாப்பாட்டு மிச்சம் என்று மூன்று வாளி. கொக்கித் தராசு ஒன்று. சாப்பாட்டு மிச்சத்தைக் கிழமைவாரியாக எழுதுங்கள்.

கணக்கைப் பார்த்து ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பது

ஆகஸ்டில் நோட்டை விரித்து வைத்து ஒரு கூட்டம் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உள்ளே ஒரு வேலை, ஊருக்கு ஒரு வேலை, ஓராண்டுக்கு அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் ‘உங்கள் கார்பன் தடம்’ கணக்குத் தாள்களை அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ஆண்டுக்கு எத்தனை முறை விமானத்தில் போகிறீர்கள் என்று அது கேட்கும். நடந்தும், இலவசப் பேருந்து அட்டையிலும், 11-ம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளிலும் வருகிற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? தனியார் பள்ளிகளுக்குத்தான் அந்தக் கணக்கு. அவர்கள் ஒரு வாரம் காலை 8 முதல் 9 மணிவரை வாசலில் நின்று, எத்தனை கார் வந்தது, ஒவ்வொன்றிலும் எத்தனை பிள்ளை, எத்தனை வண்டி எஞ்சினை அணைக்காமல் நின்றது என்று எண்ணினால் போதும். பள்ளி வேனில் காலி இருக்கை எத்தனை என்பதையும் பக்கத்தில் எழுதினால், பெற்றோர் கூட்டத்தில் பேச வேண்டியது தானாகவே வந்துவிடும்.

வளாகத்துக்குள்: கூரை, விசிறி, சத்துணவுக் கூடம்

மேல்மாடி அறை கொதித்தால் முதல் வைத்தியம் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரையாமல் இருக்கச் சுண்ணாம்போடு பெவிகால் கலந்து பூசுவார்கள். பாதி மாடிக்கு மட்டும் பூசி, கீழே இரண்டு அறைகளிலும் வெப்பமானியைத் தொடருங்கள். ஒரே வெயில், ஒரே கட்டடம், இரண்டு எண்கள். அறிவியல் கண்காட்சியில் எரிமலை செய்வதைவிட இது நல்ல ஆய்வு. பூசும் வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

விசிறிக் கணக்கு: பழைய மின்விசிறி 75 வாட், புது வகைப் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் ஓடும். நாளைக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்றால் பழையது 90 யூனிட், புதியது 36. இருபது விசிறிக்கு ஆண்டுக்கு 1,080 யூனிட் மிச்சம். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 750 கிலோ. விசிறியை மாற்ற நன்கொடையாளரைத் தேடும்போது இந்த ஒரு பக்கக் கணக்கைக் கையில் கொடுங்கள். சூரிய மின்தகடு நல்லதுதான், ஆனால் அது இரண்டாவது. ஒரு கிலோவாட் தகடு நாளைக்கு 4 யூனிட் சுற்றித் தரும். அதைத் துடைக்கவும் பழுது பார்க்கவும் ஆள் யார் என்று முடிவாகாமல் வாங்கினால் தூசி படிந்து கிடக்கும்.

சத்துணவுக் கூடம் தனிச் சுரங்கம். 150 பிள்ளைகள் முட்டை சாப்பிடும் பள்ளியில் தினமும் 150 முட்டை ஓடு விழுகிறது. அதோடு காய்த்தோல், கீரைத்தண்டு. இவை குப்பைமேட்டுக்குப் போய்க் காற்றுப் புகாமல் புதைந்தால் மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு.

உரக்குழி போடும் முறை எளிது. நிழலான இடத்தில், மழைத்தண்ணீர் தேங்காத மேட்டில், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய தொட்டி இரண்டு. ஒரு வாளி ஈரக்கழிவு போட்டால் அதற்கு மேல் இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகு. புளித்த மோரோ சாணிக்கரைசலோ தெளித்துவிடலாம். பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் போதும். நாற்றம் அடித்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். வாரம் ஒருமுறை கிளறுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முதல் தொட்டி உரமாகும், அதற்குள் இரண்டாவது நிரம்பும். முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடியாக்கித்தான் போட வேண்டும். முழுதாகப் போட்டால் எத்தனை மாதமானாலும் அப்படியே கிடக்கும். சோறு, குழம்பு மிச்சத்தை இதில் கொட்டினால் எலி வரும். அதற்கு மாட்டுக்காரர் ஒருவரைப் பிடிப்பதே நல்லது.

சருகு இதற்கு வேண்டும் என்று ஆனபின் வளாகத்தில் இலையைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கம் நின்றுவிடும். கிடைக்கும் உரம் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளிக்கு. அவை திரும்ப அதே சமையலுக்கு.

கிழமைவாரி மிச்சக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த நாளில் அதிகம் கொட்டுகிறார்கள் என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்: அன்றைய காய் பிடிக்கவில்லை, அல்லது முதல் வரிசைக்கு அளவுக்கு மேல் விழுந்தது. இதைப் புகாராக எழுதாமல், அமைப்பாளர் அக்காவிடம் நோட்டைக் காட்டி ‘என்ன செய்யலாம்க்கா?’ என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். சமைக்கிறவர்களின் முகம் கோணினால் இந்த வேலை அன்றோடு முடிந்தது.

மரம்: ஜூன் 5-ஐ மறந்துவிடுங்கள்

தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவமழைதான், அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை. ஜூன் 5-ல் இராமநாதபுரத்திலோ பெரம்பலூரிலோ கன்று வைப்பது அதை வெயிலில் நிற்கவைத்துத் தண்டிப்பது. தென்மேற்குப் பருவமழை நன்றாகக் கிடைக்கும் கன்னியாகுமரி, நீலகிரி, தென்காசி, கோவையின் மேற்குப் பகுதிக்கு ஜூன் பொருந்தும். மற்றவர்கள் செப்டம்பரில் குழி எடுத்து, அக்டோபரில் நல்ல மழை ஒன்று விழுந்ததும் நடுங்கள். குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி; மேல்மண்ணோடு உங்கள் உரத்தைக் கலந்து நிரப்புங்கள்.

எத்தனை கன்று? அடுத்த மே மாதம் எத்தனைக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமோ அத்தனை. நூறு கன்று நட்டு எட்டுப் பிழைப்பதைவிடப் பத்து நட்டு எட்டைப் பிழைக்க வைப்பது மேல். ஓரடிக் கன்றை வாங்காதீர்கள். நாலைந்து அடி வளர்ந்ததாகக் கேளுங்கள். 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் வழியாக வனத்துறை நாற்றங்கால்களில் கன்றுகள் கிடைக்கின்றன. செப்டம்பரில் போய் நின்றால் நல்ல கன்று தீர்ந்திருக்கும். ஜூலையிலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

நிழலுக்கு வேம்பு, புங்கன், பூவரசு. இடம் பெரிதாக இருந்தால் நாவல், இலுப்பை. கடலோரத்தில் புன்னை. வேகமாக வளர்கிறது, பூ அழகாக இருக்கிறது என்று அயல் மரங்களை மட்டும் நட்ட இடங்களில் அவை எப்படிச் சாயும் என்பதை 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் காட்டியது. வகுப்பறைக்குத் தெற்கிலும் மேற்கிலும் நட்டால் பிற்பகல் வெயிலை மறைக்கும். சுவரை ஒட்டி நடாதீர்கள், மின்கம்பிக்கு அடியிலும் வேண்டாம்.

ஊருக்குள் நடுவதாக இருந்தால் ஆடுதான் முதல் எதிரி. இரும்புக் கூண்டுக்குக் காசில்லை என்றால் முள் வெட்டிப் படல் கட்டுங்கள். கோடையில் பள்ளி பூட்டியிருக்கும்போது கன்றுக்குப் பக்கத்தில் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, மூடிவைப்பது பழைய நம்பகமான முறை. பானைச் சுவர் வழியாகத் தண்ணீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். வாரத்துக்கு இரண்டு முறை நிரப்பினால் தாங்கும். தூரைச் சுற்றிச் சருகு மூடாக்கு. பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகள் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்துக்குப் பனை இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் பழம் விழும்; கொட்டையைச் சேகரித்துக் குளத்துக் கரையின் வெளிச்சரிவில் ஒரு முழ ஆழத்துக்குள் புதைத்து விட்டுவிடலாம். ஆண்டுக்கணக்கில் தரைக்கு மேல் ஓலை மட்டும்தான் தெரியும். நட்ட பிள்ளை நுங்கு சாப்பிடக் கல்யாண வயதாகிவிடும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நடாமலும் மரத்தோடு வேலை செய்யலாம். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில், ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்துத் தளிர், பூ, காய் எந்த அளவில் இருக்கிறது என்று மாணவர்கள் பதிவிடுகிறார்கள். கொன்றை சித்திரையில் பூக்கிறதா, மாசியிலேயே பூத்துவிட்டதா என்பது பல ஆண்டுப் பதிவு சேர்ந்தால்தான் தெரியும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்ளலாம். கால் மணி நேரம் உங்கள் ஊர்க் கண்மாயில் நின்று பார்த்ததைப் பதிவிட்டால் போதும்.

மழைநீர்

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். உங்கள் பள்ளியிலும் இருக்கும். குழாய் உடைந்தோ, குழி தூர்ந்தோ, மேலே சிமெண்ட் பூசியோ இருக்கும். புதிதாகக் கட்டுவதற்கு முன் இருப்பதைக் கண்டுபிடியுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர். 150 சதுர மீட்டர் மாடியில் 10 மி.மீ. பெய்தால் 1,500 லிட்டர். வழியில் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 1,200. வடகிழக்குப் பருவத்தில் மாநிலச் சராசரி ஏறத்தாழ 440 மி.மீ.; அந்த மூன்று மாதத்தில் மட்டும் 50,000 லிட்டருக்கு மேல். மழைமானி நோட்டு இருப்பதால் இந்தக் கணக்கை உங்கள் சொந்த எண்ணிலேயே போடலாம். செப்டம்பர் கடைசி வாரம் மாடியைக் கூட்டி, வடிகுழாயில் அடைத்திருக்கும் இலையை எடுத்து, வடிகட்டிச் சரளைக்கல்லைக் கழுவிப் போடுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

ஊருக்குள் போவது

உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. பள்ளி ஒரு பத்து விசிறி மாற்றினால் கொஞ்சம் மின்சாரம் மிச்சம். ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வழி திறந்தால் மொத்த ஊருக்கும் வறட்சியிலும் வெள்ளத்திலும் பாதுகாப்பு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. உங்கள் ஊரில் ஒன்றாவது இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, பெற்றோர் நாலு பேரோடும் ஊரின் பழைய மடைக்காரர் (கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடுபவர்) ஒருவரோடும் வரத்துக்கால், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய், வழியாக நடந்து வாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், மடை எத்தனை, கலுங்கு (மிகுதித் தண்ணீர் வெளியேறும் இடம்) எந்தப் பக்கம், கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் எந்த ஊருக்குப் போகும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அரசின் இணையச் சேவையில் கிடைக்கும் புலப்படத்தை (நில அளவை வரைபடம்) வைத்துக்கொண்டு, அடைப்பு இருக்கும் இடத்தைக் குறியுங்கள். தூரத்தை அடியாலேயே அளக்கலாம். அடைப்பு என்ன வகை? மண் தூர்ந்ததா, குப்பையா, சீமைக்கருவேலமா, பாலத்துக் குழாய் சின்னதா? தண்ணீர் நிற்கும் காலத்தில் பிள்ளைகளைக் கண்மாய்க்குள் இறக்கக் கூடாது, மண் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது.

ஆக்கிரமிப்பு என்று ஒன்று கண்ணில் பட்டால், பிள்ளைகளின் நோட்டில் யார் பெயரும் வர வேண்டாம். இடம், அளவு, படம் மட்டும். பெயர் வைத்துப் பேசுவது பெரியவர்கள் பாடு. அந்த வீட்டுப் பிள்ளையும் உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மழைக்கு முன் தூர்வார வேண்டுமென்றால் ஆகஸ்ட் 15-ஐக் குறிவையுங்கள். அக்டோபர் 2 தாமதம். இதற்காக வரத்துக்கால் நடையை மட்டும் ஜூலையிலேயே முடித்துவிடுங்கள். தீர்மானம் போடும் உரிமை ஊராட்சியின் வாக்காளர்களுக்கு, அதாவது பெற்றோருக்கு. பிள்ளைகள் வரைபடத்தை விரித்துக் காட்டி விளக்கலாம், முன்கூட்டியே தலைவரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் சொல்லிவிட்டால் நேரம் ஒதுக்குவார்கள். பொதுவாகப் பேசாதீர்கள். தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள், இப்படி:

‘நமது ஊராட்சிப் பெரிய கண்மாயின் வரத்துக்கால், பள்ளிக்கு வடக்கே உள்ள சிறுபாலத்திலிருந்து ஏறத்தாழ 200 அடி தூரத்துக்குக் குப்பையாலும் மண்ணாலும் தூர்ந்துள்ளது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைத் தூர்வாரவும், அந்த இடத்தில் குப்பை கொட்டுவதைத் தடுத்து அறிவிப்புப் பலகை வைக்கவும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது.’

இடம், அளவு, காலக்கெடு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். தீர்மான நகலைக் கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய் பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். யாருடையது என்று தெரிந்துகொண்டு நகலை அங்கே அனுப்புங்கள். நகரத்துப் பள்ளிகளுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. மாவட்ட அளவில் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஆட்சியர் தலைமை, மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுவில் இந்தப் பெயர்களைக் குறிப்பிட்டால் தாள் சரியான மேசைக்குப் போகும்.

ஊராட்சியால் என்ன ஆகும் என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் கோவை மாவட்டம் ஓடந்துறையைச் சொல்லுங்கள். அந்த ஊராட்சி 2006-லேயே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. மாணவர்களால் என்ன ஆகும் என்றால் திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர். தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் எரித்துக் கொட்டும் கரியைப் பார்த்து, சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவர். 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். அப்போது அவர் பள்ளி மாணவிதான்.

பணம்

மேலே சொன்னதில் பாதிக்கு மேல் காசில்லாமலே நடக்கும். வெப்பமானி, தராசு, சுண்ணாம்புக்கு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து வரும் பள்ளி மானியத்தில், மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு, எடுக்கலாம். விசிறி, சூரியத் தகடு போன்ற பெரிய செலவுக்கு முன்னாள் மாணவர்களும், பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டமும் இருக்கின்றன. கேட்பதற்கு முன் கணக்கைக் காட்டுங்கள்.

குப்பையை யார் அள்ளுவது?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குப்பை, கழிவறை, சாக்கடை என்றதும் எந்தப் பிள்ளையை நாம் கூப்பிடுகிறோம் என்பதைக் கவனியுங்கள். எப்போதும் அதே தெருப் பிள்ளைகளா, எப்போதும் பெண் பிள்ளைகளா? உரத்தொட்டி கிளறுவது முதல் கோலால் மீட்டர் காட்டி விளக்குவதுவரை எல்லா வேலைக்கும் பெயர் எழுதிய சுழற்சிப் பட்டியல் சுவரில் இருக்க வேண்டும். அதில் ஆசிரியர்களின் பெயரும் வர வேண்டும். கழிவறை சுத்தம் மாணவர் வேலையே இல்லை. குப்பை பிரிக்கும்போது எல்லாருக்கும் கையுறை, முடிந்ததும் சோப்பு. தெருவில் கிடக்கும் ஊசி, உடைந்த கண்ணாடி, நாப்கின் பக்கம் பிள்ளைகள் போகக் கூடாது. தூய்மைக் காவலர்களிடம் சொன்னால் போதும், அவர்களையும் ஒருநாள் வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். ஊரில் எந்தத் தெரு எதை எங்கே கொட்டுகிறது என்று அவர்களைப்போல் யாருக்கும் தெரியாது.

கைமாற்றிக் கொடுப்பது

பெரும்பாலான பள்ளிகளில் இந்த வேலை நிற்பது மே, ஜூனில்தான். பொறுப்பாசிரியர் மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போவார், பெரிய வகுப்புப் பிள்ளைகள் வெளியேறுவார்கள், நோட்டு பீரோவுக்குள் போய்விடும். மார்ச்சிலேயே எட்டாம் வகுப்பு ஏழாம் வகுப்புக்கு ஒரு மாதம் சேர்ந்து நின்று பழக்கிக் கொடுக்கட்டும். நோட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதிவையுங்கள்: மின் இணைப்பு எண், மழைமானி இருக்கும் இடமும் அதன் பூஜ்யக் கோடும், ஒவ்வொரு கன்றும் எந்தத் தேதியில் எங்கே நட்டது, கோடையில் தண்ணீர் ஊற்றும் வீடுகள், கிராம சபைத் தீர்மான எண்ணும் தேதியும், அது இப்போது எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்பதும். ஒரு நகல் மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்கட்டும். அவர் மாறுதலில் போகமாட்டார்.